பாறைக்குழிக்கு அழைத்துப் போனவள்

கதவைத் தட்டுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. வாசலில் வந்து நிற்பாள். உள்ளே நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்றெல்லாம் பார்க்க மாட்டாள். "ஏனம்மிணி, தண்ணி வாக்கப் போலாமா?" என்று கேட்பாள். குளிப்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கேட்டுவிட்டு நகர மாட்டாள். அடுப்பில் சோறு இருந்தால் அது வெந்து இறங்குகிறவரை நிற்பாள். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தால் குடித்து முடிக்கிறவரை நிற்பாள். "இன்னிக்கு நான் வரலீங்க்கா" என்று சொன்னால், காது கேளாதவள் போல முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நிற்பாள். கடைசியில் நாம்தான் கொடியிலிருந்து மாற்றுச் சேலையை உருவிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கும்.

நான் கல்யாணமாகி, பாலக்காட்டுக்குக் கிழக்கே இருந்த அந்த ஊருக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. என் வீட்டுக்காரர் சரக்கு மாட்டுவண்டி ஓட்டினார். வண்டி பூட்டிப் போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. மாமியார் இல்லாத வீடு. பேச்சுக்கு ஆளில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் வந்து நின்றாள்.

"வீட்லயே வாத்துக்குவனுங்க" என்றேன்.

"ஊட்டுல ஒரு சொம்புத் தண்ணிய ஊத்திக்கிட்டா அதுக்குப் பேரு தண்ணி வாக்கறதா? எந்திரி கண்ணு."

எழுந்தேன். அதற்குப் பிறகு வெகுகாலம், காய்ச்சல் நாட்கள் தவிர, நான் வீட்டில் குளித்ததாக நினைவில்லை.

ஊருக்கு மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் பாறைக்குழி. ரயில் பாதைக்கும் பாலத்துக்கும் கல் வெட்டி எடுத்த பள்ளம் அது. வெட்டியவர்கள் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. மழைத் தண்ணீரும் பாறை இடுக்கின் ஊற்றும் சேர்ந்து, குழி நிறைந்து, கரும்பச்சையாகக் கிடந்தது. ஊருக்குள் கோயில் குளம் ஒன்று உண்டு. கோயிலை ஒட்டிய தெருக்காரர்கள் மட்டும்தான் அதில் இறங்கலாம். நிலம் உள்ளவர்களுக்கு ஏற்றக் கிணறு இருந்தது. மற்ற அத்தனை பேருக்கும் குளிக்கத் துவைக்க அந்தக் குழிதான். அது யாருக்கும் சொந்தமில்லை. அதனால் போகக் கூடாது என்று யாரும் சொல்லவும் முடியவில்லை.

காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் ஆண்கள் வருவார்கள். உச்சிப் பொழுது பெண்களுக்கு. தெற்குப் பாறையில் நாங்கள், வடக்குப் பாறையில் சேரிப் பெண்கள். அதை யார் வகுத்தார்கள் என்று தெரியாது, யாரும் மீறியதுமில்லை. அவள் ஒருத்திதான் மீறினாள். எங்களோடு பேசிக்கொண்டே நீந்த ஆரம்பிப்பாள். பார்த்தால் வடக்குப் பாறையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அந்தப் பெண்களோடு பேசிக்கொண்டிருப்பாள். திரும்பி வந்து, அங்கே யாருக்குப் பேறுகாலம் நெருங்குகிறது, யார் வீட்டில் மாடு செத்தது என்று சொல்வாள். "அக்கட்டப் போயி ஒட்டிக்கிட்டு எங்ககிட்ட வர்றியே" என்று யாராவது முகம் சுளித்தால், "தண்ணிக்குள்ளதானுங்க போனேன். நீங்க நிக்கறதும் அதே தண்ணிலதானுங்க" என்பாள்.

அக்கா என்றுதான் நாங்கள் எல்லாரும் அவளைக் கூப்பிடுவோம். அப்போது அவளுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். புருஷன் ஏலக்காய் மலைக்கு வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. காய்ச்சலில் செத்துப்போனான் என்று சிலர் சொன்னார்கள். அங்கே வேறு குடும்பம் இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். இரண்டையும் அவள் கேட்டுக்கொண்டாள். கூலிக்குக் கம்பு இடித்துப் பிழைத்தாள். உலக்கை பிடித்துப் பிடித்துத் தோள்கள் ஆம்பிளைத் தோள்கள் மாதிரி இருக்கும். கம்பு இடித்தால் சுணை உடம்பெங்கும் அப்பிக்கொண்டு அரிக்கும். அதனால்தான் உச்சி வெயிலில் தண்ணீருக்கு ஓடுகிறாள் என்று முதலில் நினைத்தேன். "அரிச்சா நீங்க போயி வாத்துக்கிட்டு வர்றதுதானுங்க்கா. தெருவையே எதுக்கு இழுத்துக்கிட்டுப் போறீங்க?" என்று ஒருநாள் கேட்டும் விட்டேன்.

"ஒத்தையில போனா முதுவு தேய்க்க ஆளு வேணுமல்லோ?" என்று சிரித்தாள்.

முதுகு தேய்ப்பதில் அவளுக்கு அப்படி ஒரு ஈடுபாடு. காய்ந்த பீர்க்கங்கூட்டை எடுத்துக்கொண்டு, கைக்கு எட்டுகிற முதுகையெல்லாம் தேய்ப்பாள். சண்டைக்காரியாக இருந்தாலும் திருப்பி உட்கார வைத்துத் தேய்ப்பாள். கொஞ்சம் வலிக்கும். முகத்தைப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் கேட்கிற கேள்விகளுக்கு, நாங்கள் வேறு யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொல்லியிருக்கிறோம்.

எனக்கு முதல் பிள்ளை பிறந்து நிற்கவில்லை. தெருவில் எல்லாரும் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். நான் அழவில்லை. சாப்பிடவும் இல்லை, மூலையில் படுத்தே கிடந்தேன். தீட்டுக் கழிந்த மறுநாளே அவள் வந்துவிட்டாள். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. உள்ளே வந்து, என் கையைப் பிடித்துத் தூக்கி நடத்திக்கொண்டு போனாள். பாறைக்குழியில் மற்றப் பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். மார்பளவு தண்ணீரில் என்னை நிறுத்திவிட்டுக் காதருகே சொன்னாள்: "முங்கிக்கிட்டு அழுவு கண்ணு. ஒருத்தருக்கும் தெரியாது."

தண்ணீருக்குள் வாயைத் திறந்து கத்தினேன். எழுந்து மூச்சு வாங்கினேன், மறுபடி முங்கினேன். நான் முங்கும்போதெல்லாம் அவள் கை என் மேல்கையைப் பிடித்திருந்தது. கரையேறியபோது யாரோ எனக்கு வெல்லக்கட்டி ஒன்று கொடுத்தார்கள். வாங்கித் தின்றேன்.

அவளைப் பிடிக்காதவர்களும் ஊரில் நிறைய. "பொட்டச்சிகளைக் கூட்டிக்கிட்டு ஊர் சுத்தறா" என்று ஆண்கள் பேசினார்கள். கறிக்கு அரைக்க, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆளில்லை என்று மாமியார்கள் பேசினார்கள். எனக்கேகூடச் சில நாள் எரிச்சலாக இருக்கும். தனியாக இருக்க ஆசைப்படுகிறவளை அவளால் புரிந்துகொள்ளவே முடியாது. ஒருத்தி வாசலுக்கு வராமல் கதவைச் சாத்திக்கொண்டால், அன்று முழுவதும் அவள் முகம் வாடியே இருக்கும். "ஏன் வரலே? என்னமோ இருக்குது" என்று தண்ணீருக்குள் நின்றபடி திரும்பத் திரும்பச் சொல்வாள்.

மயிலாத்தாள் விஷயம் அப்படித்தான் தொடங்கியது.

மயிலாத்தாள் தோட்டத்து வீட்டுக்கு வந்த மருமகள். பதினாறு பதினேழு வயதிருக்கும். அந்த வீட்டில் விதவை மாமியாரும் ஒரே மகனும்தான். வசதியான வீடு. ஆனால் அவர்கள் கிணறு ஊருக்கு வெளியே தொலைவில் தோட்டத்தில் இருந்தது; வீட்டருகே கிணறு இல்லை. அந்த வீட்டுக் கம்பை அக்காதான் இடித்தாள். அந்த உரிமையில் மருமகளையும் கூப்பிட்டாள். மாமியாரும் முதலில் அனுப்பினார்.

அந்தப் பெண் வீட்டு வாசலில் ஒருமாதிரி இருப்பாள், தண்ணீரில் வேறுமாதிரி இருப்பாள். பாறையைக் கண்டதும் ஓடுவாள். காய்ந்த சுரைப்புருடையை இடுப்பில் கட்டிவிட்டால், அது மிதக்க, இவள் காலை உதைத்துக்கொண்டு எங்கள் எல்லார் மேலும் தண்ணீரை வாரி அடிப்பாள். அவள் சிரிப்பு பாறையில் பட்டுத் திரும்பி வரும். "புருடையைக் கழட்டிருங்க்கா, நான் நீஞ்சிருவேன்" என்று கெஞ்சுவாள். அக்கா, "இன்னுங் கொஞ்ச நாளு போவட்டும்" என்பாள்.

ஒருநாள் முதுகு தேய்க்கத் திருப்பியபோது மயிலாத்தாள் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அக்கா, பிடித்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். முதுகில் கருநீலமாகத் தடித்திருந்தது. மாட்டுச் சாட்டையின் தடம் என்று பார்த்ததுமே தெரிந்தது. குழியில் அத்தனை பெண்களும் பார்த்தோம். வடக்குப் பாறையில் இருந்தவர்களும் பார்த்தார்கள்.

"உழுந்துட்டனுங்க்கா" என்றாள் மயிலாத்தாள்.

அக்கா அன்று பீர்க்கங்கூட்டை எடுக்கவில்லை. உள்ளங்கையால் தண்ணீரை அள்ளி அள்ளி அந்த முதுகில் விட்டுக்கொண்டே இருந்தாள். குளித்து முடித்ததும் ஈரச் சேலையோடு நேரே தோட்டத்து வீட்டுக்குப் போனாள். நாங்களும் பின்னால் போனோம். மாமியார் வாசலில் பருத்தி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, உங்க மருமவ முதுவு வீங்கியிருக்குதுங்க" என்றாள், தெருவுக்கே கேட்கிற குரலில்.

"புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். உனக்கென்னடி?"

"எனக்கொண்ணுமில்லீங் ஆத்தா. நாளைக்குந் தண்ணிக்குக் கூட்டிக்கிட்டுப் போவேனுங்க. நாளைக்கும் நாங்க எல்லாம் பாப்போமுங்க. அதைத்தான் சொல்ல வந்தேனுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த முதுகில் புதிய தடம் விழவில்லை. பழைய நீலம் மஞ்சளாகி, மெல்ல மறைந்தது. தினமும் உச்சிப் பொழுதில் அத்தனை கண்கள் பார்க்கிற முதுகில் சாட்டையை வைக்க அவள் புருஷனுக்குத் தயக்கமாக இருந்திருக்கும். மயிலாத்தாள் மறுபடி தண்ணீரை வாரி அடிக்க ஆரம்பித்தாள்.

பிறகு ஒருநாள் தோட்டத்து வீட்டுக் கொல்லையில் வேட்டுச் சத்தம் கேட்டது. பாறையை உடைத்துச் சேந்துகிணறு வெட்டுகிறார்கள் என்றார்கள். வீட்டுக்குள்ளேயே தண்ணீர், ஊரே வந்து பார்த்து மெச்சியது. கற்சுவர், கப்பி, புதுக் கயிறு எல்லாம் போட்டு, பொங்கல் வைத்து, மாமியார்தான் முதல் குடம் சேந்தினார். மறுநாள் அக்கா வாசலில் போய் நின்றபோது அவரே வெளியே வந்தார்.

"எங்க ஊட்டுலயே தண்ணி இருக்குது. இனி எங்க மருமவ ஊர்த் தண்ணியில எறங்க வேண்டியதில்லே."

"முதுவு தேய்க்க..."

"நாந் தேச்சுக்குவேன். நீ போ."

அவள் போகவில்லை. அன்றும் நின்றாள், மறுநாளும் நின்றாள். பிறகு கொல்லைச் சுவருக்குப் பின்னால் போய் நின்று பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். சில நாள் உள்ளே கப்பி உருளுகிற சத்தம் கேட்கும். சில நாள் மெல்லிய குரல் வரும்: "வர முடியாதுங்க்கா. நீங்க போங்க." அந்த வீட்டுக் கம்பு வேறு ஒருத்தியிடம் இடிக்கப் போனது. தோட்டத்து வீட்டுக்கு வேண்டிய மற்ற வீடுகளும் அவளைக் கூப்பிடுவதை நிறுத்தின. அவள் கஞ்சிக்கு என்ன செய்தாள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. உச்சிப் பொழுதில் மட்டும் தவறாமல் தெருவில் வந்தாள். தண்ணீரில் நின்றுகொண்டு, "இன்னிக்குக் கொரலே வரலே. என்னமோ இருக்குது" என்றாள்.

ஆடி மாதம், காற்று மண்ணை வாரிக்கொண்டு அடித்த ஒரு முற்பகலில், தோட்டத்து வீட்டில் கூக்குரல் எழுந்தது. நாங்கள் ஓடியபோது கிணற்றைச் சுற்றி ஆண்கள் நின்றிருந்தார்கள். இறங்க யாரும் துணியவில்லை; குறுகலான, ஆழமான கிணறு. அக்கா எங்கிருந்தோ கம்புச் சுணை படிந்த உடம்போடு வந்தாள். சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து இறங்கினாள். வெகுநேரம் கழித்து, "இழுங்க" என்று கீழிருந்து சத்தம் வந்தது.

மயிலாத்தாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேலே வந்தாள். தூங்குகிற பிள்ளையைக் கொண்டுவருவது போல, தலை எதிலும் இடித்துவிடாமல் ஒரு கையால் பிடித்திருந்தாள். கொல்லைப் பந்தலின்கீழ் கிடத்தும்போது சேலை விலகிய முதுகைப் பார்த்தாள். முடியை ஒதுக்கி, முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இன்னுங் கொஞ்ச நாளு உட்டிருந்தா நீஞ்சப் பழகியிருப்பாளுங்க. கரையைப் புடிச்சிருப்பாளுங்க."

தானாகக் குதித்தாளா, வழுக்கி விழுந்தாளா என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அதிகாரி வந்து விசாரித்தார். மாமியார், "தண்ணி சேந்தறப்பக் கால் வழுக்கிருச்சுங்க" என்றார். மகன் தூணில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா ஈரம் சொட்ட நடுவில் வந்து நின்றாள்.

"எசமாங்க, அவ முதுவை ஒருக்காப் பாத்துட்டு எழுதிக்குங்க."

"இவள் யார்?" என்று அதிகாரி கேட்டார்.

"கம்பு இடிக்கறவளுங்க" என்று யாரோ சொன்னார்கள்.

"பொம்பளை உடம்பை ஆம்பிளை பாக்கறதா? அந்தப் பக்கம் போ." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதோடு விசாரணை முடிந்தது. எங்களில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எல்லாருக்கும் அந்த வீட்டோடு ஏதோ ஒரு கொடுக்கல் வாங்கல், ஏதோ ஒரு பயம். எரியூட்டிவிட்டு வந்த பிறகு அன்று யாரும் பாறைக்குழிக்குப் போகவில்லை. அவள் மட்டும் போய், தண்ணீரில் இறங்காமல் கரையில் உட்கார்ந்திருந்தாள் என்று மாடு மேய்த்தவர்கள் சொன்னார்கள்.

ஊர் அப்போது வாய் திறக்காமல் இருந்தாலும், பிறகு தன் வழியில் தீர்ப்புச் சொன்னது. மகன் வேறு பெண் கட்டிக்கொண்டு மாமனார் ஊரோடு போய்விட்டான். கிணற்றின்மேல் இலந்தை முள்ளை வெட்டிப்போட்டு மூடினார்கள். அந்தப் பெரிய வீட்டில் மாமியார் மட்டும் ஒற்றையில் கிடந்தார். ஒரம்பரை என்று சொந்தபந்தம் வருவது நின்றது. தெருவில் நடந்தால் பெண்கள் வீட்டுக்குள் போனார்கள். மழை பெய்தால் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு அதில்தான் குளிக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். பேசியவர்களுக்கு அதில் ஒரு திருப்தியும் இருந்தது.

அந்த அம்மாளைத்தான் அக்கா பாறைக்குழிக்கு அழைத்து வந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு எங்கள் துணை போய்விட்டது. பெண்கள் குளிக்கிற நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். உச்சிப் பொழுதில் அவள் தெருவில் வந்தால் கதவுகள் சாத்திக்கிடந்தன. பத்துப் பதினைந்து பேர் பின்னால் வர நடந்தவள், கடைசிக் காலத்தில் ஒரே ஒரு கிழவியோடு பாறைக்குப் போய் வந்தாள். நான் சில நாள் போனேன். பிறகு பிள்ளை உண்டாகி நின்றுவிட்டேன். மழை பொய்த்த வருடம் என் வீட்டுக்காரர் வண்டியையும் மாடுகளையும் விற்றுவிட்டு, வண்டன்மேட்டில் ஏலத்தோட்ட வேலைக்கு எங்களை அழைத்துப் போய்விட்டார். மலையில் ஓடைத் தண்ணீர் எலும்பைக் குடையும் குளிர். அவசர அவசரமாக ஊற்றிக்கொண்டு வருவோம். அவள் எப்போது செத்தாள், யார் எடுத்தார்கள் என்று எனக்குச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. ஊர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒருவர், குழியில் தண்ணீர் வற்றிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

ஆனால் அவள் அந்த அம்மாளை முதன்முதலாக அழைத்துவந்த நாளில் நான் தண்ணீரில் இருந்தேன்.

என் தலை நிறைய அரப்பைத் தேய்த்திருந்தேன். மேட்டில் அக்கா தெரிந்தாள். பின்னால், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பாறையில் கால் வைக்கத் தடுமாறி ஒரு கிழவி. யாரென்று தெரிந்ததும் ஒருத்தி துணியைச் சுருட்டிக்கொண்டு கரையேறினாள். அடுத்தவள் ஏறினாள். வடக்குப் பாறையிலும் எழுந்துவிட்டார்கள். அரப்பு கண்ணில் வழிந்து எரிய, அதை அலசாமல் எழுந்திருக்க முடியாமல் நான் ஒருத்திதான் நின்றேன்.

அக்கா கரையேறியவர்களைப் பார்த்தாள். கிழவியை இடுப்பளவு தண்ணீரில் இறக்கி நிறுத்தினாள். அந்த அம்மாள் குளிக்கவில்லை; கைகளைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றார். உடம்பு வற்றிப்போயிருந்தது. அக்கா அவரைத் திருப்பி, பீர்க்கங்கூட்டால் மெல்லத் தேய்க்க ஆரம்பித்தாள்.

திரும்பிப் பார்க்காமலே அந்த அம்மாள் கேட்டார்: "அவளுக்கும் நீதாந் தேய்ப்பியா?"

"ஆமாங் ஆத்தா."

"நாம் பாத்ததில்லே. அவன் கதவைச் சாத்திக்குவான். நான் வெளியில ஒக்காந்திருப்பேன். சத்தம் கேக்கும். அப்பறமும் நாம் பாத்ததில்லே." குரல் தண்ணீரில் விழுகிற மாதிரி தாழ்ந்தது. "எங்கெங்க இருந்துது?"

அக்காவின் கை நின்றது. கரையில் நின்ற பெண்கள் ஈரச் சேலையோடு அசையாமல் பார்த்தார்கள். அக்கா பீர்க்கங்கூட்டைப் பாறைமேல் வைத்தாள். விரலைத் தண்ணீரில் நனைத்து, அந்தக் கிழவியின் வலது தோளுக்குக் கீழே வைத்தாள்.

"இங்க."

அந்த அம்மாள் தோளை ஒடுக்கிக்கொண்டார். அக்கா விரலை எடுக்கவில்லை. பிறகு விலாவுக்கு நகர்த்தினாள்.

"இங்க. இந்த நீளத்துக்கு."

நடுமுதுகில் வைத்தாள். இடுப்புக்கு மேலே வைத்தாள். ஒவ்வொரு இடத்திலும் விரல் கொஞ்ச நேரம் நின்று, பிறகு நகர்ந்தது. அக்காவின் முகத்தில் கோபம் தெரியவில்லை. கண்ணிலிருந்து மட்டும் வழிந்துகொண்டிருந்தது. கிழவி தூக்கிப் பிடித்திருந்த கைகளை மெல்லத் தண்ணீருக்குள் விட்டார்.

"இன்னும் இருக்குதா?"

"இருக்குதுங் ஆத்தா."

"சொல்லு" என்றார் அந்த அம்மாள்.